கிரிப் அறிக்கையில் தவறு இருந்தால் அதைத் திருத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கடனுக்கோ முச்சக்கர வண்டி லீசிங்குக்கோ விண்ணப்பித்தவரிடம் “உங்கட கிரிப் சரியில்லை” என்று ஒரே வரியில் சொல்லித் திருப்பி அனுப்புவது கொழும்பு வங்கிகளில் அன்றாடம் நடப்பது. எது சரியில்லை, யார் எழுதியது, எப்போது எழுதியது என்று கேட்கத் தோன்றாமலே பலர் வீடு திரும்பிவிடுகிறார்கள். வங்கியின் கடன் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வருகிறவர்களின் கிரிப் அறிக்கைகளை, அதாவது அவர்கள் பெற்ற கடன்களின் பதிவுகளை, அவர்களுடன் இருந்து வாசித்து வருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் கீழே உள்ளன.

கிரிப் என்பது கறுப்புப் பட்டியலா?

இல்லை. கிரிப் என்று நாம் சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இந்தப் பணியகத்தின் அலுவலகம் கோட்டையில், சேர் பாரன் ஜயதிலக்க மாவத்தையிலுள்ள வைட்டவேஸ் கட்டடத்தில் இருக்கிறது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் நிறுவனங்களும் தங்களிடம் கடன் பெற்றவர்களின் விபரங்களை மாதந்தோறும் அதற்கு அனுப்புகின்றன. ஒழுங்காகக் கட்டியவரின் விபரமும் கட்டத் தவறியவரின் விபரமும் ஒரே இடத்தில் சேர்கின்றன. ஆகவே கடன் பெற்ற ஒவ்வொருவருக்கும் கிரிப்பில் பெயர் இருக்கும். “கிரிப்பில விழுந்திட்டான்” என்ற பேச்சு பிறந்ததே இதை அறியாததால்தான். பணியகம் யாருக்கும் கடன் கொடு என்றோ கொடுக்காதே என்றோ சொல்வதில்லை. அந்த முடிவை எடுப்பது வங்கியே.

சீட்டுக் காசும் தனியாரிடம் வாங்கிய வட்டிக் கடனும் இந்த அறிக்கையில் வருவதில்லை.

என்னுடைய அறிக்கையை நான் பெற முடியுமா?

முடியும். அது சட்டம் தந்த உரிமை. தேசிய அடையாள அட்டையுடன் கோட்டையிலுள்ள அலுவலகத்துக்கு நேரே செல்லலாம். உங்களுக்குக் கணக்குள்ள வங்கிக் கிளையின் ஊடாகவோ பணியகத்தின் இணையத்தளத்தின் ஊடாகவோ விண்ணப்பிக்கலாம். ஒரு கட்டணம் உண்டு. வங்கியில் யாரோ சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு முறைப்பாடு எழுதத் தொடங்காதீர்கள். அறிக்கை கையில் இருக்க வேண்டும்; எந்த நிறுவனம், எந்தக் கணக்கு, எந்த மாதம் என்று விரலை வைத்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

அறிக்கையில் எந்தப் பகுதியை முதலில் பார்க்க வேண்டும்?

எல்லோரும் தேடுவது புள்ளியைத்தான், அந்த மூன்று இலக்க எண்ணை. அதைக் கடைசியாகப் பாருங்கள். புள்ளி என்பது உள்ளே இருக்கும் பதிவுகளிலிருந்து கணக்கிடப்படுவது. பதிவு பிழையானால் புள்ளியும் பிழையாகும், பதிவு திருந்தினால் புள்ளியும் திருந்தும்.

முதலில் பார்க்க வேண்டியது உங்களை அடையாளப்படுத்தும் பகுதி: பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, முகவரிகள். நீங்கள் ஒருபோதும் குடியிருக்காத முகவரி ஒன்று அங்கே இருந்தால், இன்னொருவரின் கடன் உங்கள் பதிவுடன் சேர்ந்திருக்கக்கூடும். அடுத்து ஒவ்வொரு கடனுக்கும் எதிரே நீங்கள் கடனாளியா பிணையாளியா என்பதையும், நிலுவைத் தொகையையும், எந்தெந்த மாதத்தில் எத்தனை நாள் தாமதம் என்ற கட்டங்களையும் பாருங்கள். கணக்கில் போதிய பணமின்றித் திரும்பிய காசோலைகளும் அறிக்கையில் காட்டப்படும். இறுதியில், உங்கள் பதிவை எந்த நிறுவனங்கள் கேட்டுப் பார்த்தன என்ற பகுதி உண்டு. நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், உங்கள் அடையாள அட்டைப் பிரதியை வைத்து வேறு யாரோ கடன் கேட்டிருக்கலாம். அப்படியானால் அந்த நிறுவனத்திடம் உடனே எழுத்தில் விசாரிப்பதோடு பொலிஸிலும் முறைப்பாடு செய்யுங்கள்.

வேறொருவரின் கடன் என் பெயரில் எப்படி வருகிறது? அதுவும் தமிழர்களுக்கு ஏன் அடிக்கடி?

இதற்கு விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் உண்மையான தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே என்பதே நம் வழக்கம். ஆனால் வங்கிப் படிவத்தில் குடும்பப் பெயருக்கென ஒரு கட்டம் இருக்கிறது. ஒரே மனிதர் ஒரு வங்கியில் அந்தக் கட்டத்துக்குள் தந்தையின் பெயரையும், இன்னொரு வங்கியில் தன் பெயரையும் எழுதிவிடுகிறார். திருமணத்தின் பின் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்ணுக்கு மூன்றாவது வடிவமும் உண்டு.

இதற்கு மேலாக ஆங்கில எழுத்துக்கூட்டல் இருக்கிறது. பழைய லெமினேற் அடையாள அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் எழுதப்படவில்லை. மும்மொழியிலும் பெயர் வந்தது 2017ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமான புதிய அட்டையில்தான். அதுவரை தகரத்துக்கு ஓரெழுத்தா ஈரெழுத்தா, வகரத்துக்கு எந்த எழுத்து, ழகரத்தை என்ன செய்வது என்பதையெல்லாம் அந்தந்த நிறுவனத்தின் எழுதுவினைஞரே தீர்மானித்தார். இதனால் ஒருவரின் பதிவு பல வடிவங்களாகப் பிரிகிறது. இருவரின் பெயர் ஒன்றுபோலத் தோன்றவும் செய்கிறது.

அடையாள அட்டை இலக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. பழைய இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படுவது பன்னிரண்டு எண்களைக் கொண்டது. பழையதைப் புதிய வடிவில் எழுதும்போது முன்னால் 19 சேரும், பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பின்னால் ஒரு பூச்சியம் நுழையும், கடைசி எழுத்து போய்விடும். இந்த மாற்றத்தைச் செய்யும்போது ஓர் எண் இடம் மாறினால் பதிவு வேறொரு மனிதரிடம் போய்ச் சேரும். பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று எண்களில் பெண்களுக்கு 500 கூட்டப்பட்டிருப்பதால், அந்த இடத்தில் நேரும் ஓர் எண் பிழை ஒரு பெண்ணின் கடனை ஓர் ஆணின் பெயரில் கூட நிறுத்திவிடலாம்.

கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஓர் ஆசிரியை என்னிடம் காட்டிய அறிக்கையில், அவர் கண்ணாலும் காணாத ஒரு மோட்டார் சைக்கிள் லீசிங் இருந்தது. தவணைகள் பல மாதங்களாகக் கட்டப்படவில்லை. முகவரி வேறொரு மாவட்டத்தில் இருந்தது. இரண்டு அடையாள அட்டை இலக்கங்களையும் எண்ணெண்ணாக ஒப்பிட்டபோது ஓர் எண் மட்டுமே வேறுபட்டிருந்தது. அந்த ஓர் எண்ணுக்காக அவர் இரண்டு ஆண்டுகள் வீட்டுக் கடன் கேட்பதையே விட்டிருந்தார். நிறுவனம் தன் தவறை ஏற்றுத் திருத்தியது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தந்தான்.

அறிக்கையில் எனக்குப் பிடிக்காத பதிவு எல்லாமே தவறுதானா?

அல்ல. வேலை இழந்த காலத்தில் மூன்று தவணை கட்டாமல் விட்டு, பின்னர் முழுவதையும் கட்டி முடித்திருந்தால், அந்தத் தாமதம் நடந்தது நடந்ததுதான். கடன் தீர்ந்தது என்ற உண்மையும் அதன் பக்கத்தில் நிற்கும். ஆனால் பழைய தாமதத்தை இல்லை என்று எழுதும்படி எவரையும் கேட்க முடியாது. காலம் செல்லச் செல்ல, புதிய நல்ல பதிவுகள் சேரச் சேர, அதன் கனம் குறையும்.

தவறு என்பது வேறு. கட்டித் தீர்த்த கடன் இன்னும் நிலுவையாகக் காட்டப்படுவது, ஒரே கடன் இரண்டு முறை பதிவாவது, தொகை பிழையாக இருப்பது, கட்டிய மாதம் கட்டாத மாதமாகக் குறிக்கப்பட்டிருப்பது ஆகியவை தவறுகள். இவற்றுக்கும் உண்மைக்கும் நடுவில் நிற்பது கடனட்டை விவகாரம். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று நினைத்தவரிடம், எழுத்தில் மூடாத அந்தக் கணக்கில் ஆண்டுக் கட்டணமும் அதற்கு வட்டியும் ஏறி நிற்கும். சட்டப்படி அது தவறான பதிவல்ல. எனினும் முகாமையாளரைச் சந்தித்துப் பேசினால், கட்டணத்தைத் தள்ளுபடி செய்து கணக்கை மூடிய கடிதம் தந்த வங்கிகளை நான் அறிவேன்.

எது தவறு, எது கசப்பான உண்மை என்பதை முதலில் உங்களுக்குள்ளேயே பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதினால், உண்மையான தவறையும் உத்தியோகத்தர் சந்தேகத்துடனேயே பார்ப்பார்.

மச்சானுக்குப் பிணை நின்றேன். அவர் கட்டவில்லை. என் அறிக்கையில் ஏன் வருகிறது?

நீங்கள் கையொப்பமிட்டது, அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்ற உறுதிக்கு. எனவே பிணையாளி என்ற குறிப்புடன் அது உங்கள் அறிக்கையிலும் வருவது சரியே. ஆனால் அந்தக் கடன் தீர்ந்த பின்னரும் உங்கள் பெயர் விடுவிக்கப்படாமல் இருந்தாலோ, பிணையாளியான நீங்கள் கடனாளி என்று குறிக்கப்பட்டிருந்தாலோ, நீங்கள் கையொப்பமே இடாத பிணை ஒன்று காட்டப்பட்டிருந்தாலோ அது தவறு. உடனடியாக முறையிட வேண்டியது. மூன்றாவது வகையில் உங்கள் கையொப்பம் உள்ள மூலப் பத்திரத்தைக் காட்டும்படி எழுத்தில் கேளுங்கள்.

மொரட்டோரியம் (தவணைகளை ஒத்திவைக்கும் சலுகை) எடுத்த மாதங்கள் தாமதமாகக் காட்டப்படலாமா?

2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின் சுற்றுலாத் துறையினருக்கும், 2020 மார்ச்சில் கொவிட்-19 தொற்றின் பின் பரவலாகப் பலருக்கும் மத்திய வங்கியின் சுற்றறிக்கைகளின் கீழ் தவணைச் சலுகை வழங்கப்பட்டது. சலுகை முறைப்படி அனுமதிக்கப்பட்ட மாதங்களைக் கட்டத் தவறிய மாதங்களாகக் காட்டுவது முறையல்ல. அனுமதிக் கடிதமோ குறுஞ்செய்தியோ உங்களிடம் இருந்தால் அதை வைத்துத் திருத்தம் கோரலாம்.

இரண்டு விடயங்களை மட்டும் கவனியுங்கள். விண்ணப்பித்தது வேறு, அனுமதி கிடைத்தது வேறு. பதில் வராமலே கட்டுவதை நிறுத்தியவர்கள் சிலர் இங்கே சிக்கிக்கொண்டார்கள். அத்துடன், ஒத்திவைக்கப்பட்ட தவணைகளும் வட்டியும் பல இடங்களில் தனியொரு கடனாக மாற்றப்பட்டன. அறிக்கையில் நீங்கள் வாங்காத புதுக் கடன் ஒன்று அந்தக் காலத்துத் திகதியில் தெரிந்தால், அது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். பதறாமல் முதலில் வங்கியிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

முறைப்பாட்டை வங்கியிடம் கொடுப்பதா, பணியகத்திடம் கொடுப்பதா?

இரண்டு இடத்திலும் கொடுக்கலாம். ஆனால் திருத்தம் பிறப்பது கடன் தந்த நிறுவனத்தில்தான். பணியகம் தான் பெற்ற தகவலைச் சேர்த்து வைக்கிறதே தவிர, உங்கள் பேரேட்டை வைத்திருப்பது அதுவல்ல. பணியகத்தில் முறையிட்டாலும், அது உரிய நிறுவனத்துக்கே அனுப்பி உறுதிப்படுத்தும்படி கேட்கும். கோட்டைக்கு மூன்று முறை அலைந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, கடன் தந்த கிளைக்கு ஒரு முறையாவது எழுத்தில் கொடுத்தீர்களா என்பதே. பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். வாய்ச்சொல்லாகச் சொல்லியிருப்பார்கள். கேட்ட உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார்.

ஆகவே கிளை முகாமையாளருக்கு முகவரியிட்டு, தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும் பணியகத்துக்கும் பிரதி இட்டு ஒரு கடிதம் கொடுப்பதே நல்லது. நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதியுடன் முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

ஒரு பக்கம் போதும். குற்றச்சாட்டும் கோபமும் வேண்டாம். நியாயமான கோபமாக இருந்தாலும் அது வேறொரு தாளில் இருக்கட்டும். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதி, பழைய இலக்கத்தையும் புதிய இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். ஆனால் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் கணக்கு இலக்கத்தையும் அறிக்கையில் உள்ளவாறே தாருங்கள். உடல் பகுதி இவ்வாறு அமையலாம்:

“இத்துடன் இணைத்துள்ள கொடுகடன் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், தங்கள் நிறுவனத்தின் மேற்குறித்த லீசிங் கணக்கில் நிலுவை இருப்பதாகக் காட்டப்பட்டுள்ளது. இக்கணக்கை நான் முழுமையாகத் தீர்த்துள்ளேன். அதற்கான பற்றுச்சீட்டின் பிரதியும் தாங்கள் வழங்கிய தீர்வுக் கடிதத்தின் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளன. இப்பதிவைத் திருத்திப் பணியகத்துக்கு அறிவிக்குமாறும், திருத்தம் அனுப்பப்பட்ட திகதியை எனக்கு எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பேரேட்டின்படி பதிவு சரியெனக் கருதினால், அதற்கான காரணத்தையும் கணக்குக் கூற்றையும் தருமாறு வேண்டுகிறேன்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மறுப்பதானால் காரணத்துடன் மறுக்க வேண்டும் என்ற நிலையை அது உருவாக்குகிறது. மேல் இடத்துக்குப் போகும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியதும் அந்தக் காரணந்தான். பெயர் வேறுபாட்டால் எழுந்த சிக்கலானால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக் கடதாசியை சமாதான நீதவான் முன் முடித்து இணையுங்கள். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளும் உதவும். மூலப் பத்திரங்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

பற்றுச்சீட்டு எதுவும் இல்லை. வீடு மாறியபோது தொலைந்துவிட்டது.

தவணையை வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தியிருந்தால், அந்தக் கணக்கின் பழைய கூற்றைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். காசாகச் செலுத்தியிருந்தால், நிறுவனத்தின் சொந்தப் பேரேட்டுக் கூற்றைக் கேளுங்கள். நீங்கள் கட்டியது அவர்களுடைய புத்தகத்திலும் இருந்தாக வேண்டும். வாகனமானால், உரிமை உங்கள் பெயருக்கு மாற்றப்பட்டிருப்பதே லீசிங் தீர்ந்ததற்கு வலுவான சான்று. கடன் தந்த நிதிக் கம்பனி வேறொன்றுடன் இணைக்கப்பட்டிருந்தால், கணக்குகளைப் பொறுப்பேற்ற நிறுவனமே பதில் சொல்ல வேண்டியது.

நிறுவனம் மறுத்தால், அல்லது பதிலே தராவிட்டால்?

இரண்டு வழிகள் உண்டு. 2020இல் மத்திய வங்கி தொடங்கிய நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், மத்திய வங்கியின் மேற்பார்வையிலுள்ள நிறுவனங்களுக்கு எதிரான முறைப்பாடுகளை ஏற்கிறது. 1935 என்ற இலக்கத்தை அழைக்கலாம், எழுத்திலும் அனுப்பலாம். மற்றது 2003 முதல் இயங்கும் நிதி ஒம்புட்ஸ்மன், அதாவது நிதி நிறுவனங்களுக்கு எதிரான முறைப்பாடுகளைக் கேட்டுத் தீர்க்கும் நடுவர். நிறுவனத்திடம் முறையிட்டு, தீர்வு கிடைக்கவில்லை என்று காட்டிய பின்னரே இவரிடம் போகலாம். திணைக்களமும் அந்தக் கடிதப் போக்குவரத்தைத்தான் முதலில் கேட்கும். முத்திரையிட்ட பிரதியை நான் வலியுறுத்தியது இதற்காகத்தான்.

நீதிமன்றம் கடைசி வழி. மாவட்ட நீதிமன்றில் வழக்கு நடக்கும் காலத்தையும் செலவையும் நினைத்தால், மோசடிக் கையொப்பம் போன்ற பாரிய விடயங்களுக்கே அதை நான் சொல்வேன்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள உறவினர்கள் மாதிரிக் கடிதங்கள் அனுப்புகிறார்கள். அவற்றைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் 1970இல் நிறைவேறிய சட்டத்தின்படி, முறைப்பாடு கிடைத்தால் தனியார் பணியகங்களே பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்து, உறுதிப்படுத்த முடியாததை நீக்க வேண்டும். “609 கடிதம்” என்று பரவுவது அந்தச் சட்டத்தின் பிரிவொன்றைச் சுட்டுவது. அந்தப் பிரிவு தன் கோப்பைப் பார்க்கும் உரிமையைத்தான் தருகிறது. உண்மையான கடனை அழிக்கும் உரிமையை அங்கேயும் தருவதில்லை. இந்தியாவில் சிபில் முதலிய கடன் தகவல் நிறுவனங்களுக்கும் 30 நாள் விதி உண்டு. தாமதித்தால் நாளொன்றுக்கு 100 இந்திய ரூபாய் இழப்பீடு என 2023இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. யூடியூபில் தமிழில் கேட்பதெல்லாம் அந்த நாட்டு விதி. அந்தப் பிரிவு இலக்கங்களைக் கொழும்பு வங்கிக்கு எழுதினால், உங்கள் வழக்கையே நீங்கள் அறியவில்லை என்ற எண்ணந்தான் ஏற்படும்.

காசு தந்தால் கிரிப்பிலிருந்து பெயரை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். பதிவு தவறானால் அதை நீங்களே ஒரு கடிதத்தால் திருத்தலாம். பதிவு உண்மையானால் அதை எவராலும் நேர்மையாக எடுக்க முடியாது. அவரிடம் நீங்கள் கொடுக்கும் அடையாள அட்டைப் பிரதியும் கையொப்பமிட்ட வெற்றுத் தாளும் அடுத்த மோசடிக் கடனுக்குப் போதுமானவை. ஏற்கனவே கொடுத்திருந்தால், சில மாதங்கள் கழித்து உங்கள் அறிக்கையை மீண்டும் எடுத்து, யார் யார் கேட்டுப் பார்த்தார்கள் என்ற பகுதியைக் கவனமாக வாசியுங்கள்.

திருத்திவிட்டதாக வங்கி சொன்னது. அடுத்த நாளே வேறு வங்கிக்குப் போகலாமா?

நிறுவனங்கள் மாதம் ஒருமுறை தகவல் அனுப்புவதால், அடுத்த மாதப் பதிவு ஏறும்வரை பொறுத்திருந்து, புதிய அறிக்கையை உங்கள் கையால் எடுத்துப் பார்த்த பின் விண்ணப்பிப்பது நல்லது. அவசரமானால் திருத்தக் கடிதத்தின் பிரதியை விண்ணப்பத்துடன் இணைத்து, பழைய அறிக்கையை வைத்திருக்கும் உத்தியோகத்தரிடம் புதியதைப் பெற்றுப் பார்க்கும்படி கேளுங்கள். முன்பு உங்களை மறுத்த வங்கி, பதிவு திருந்திய செய்தியைத் தானாக அறிந்து உங்களைக் கூப்பிடாது. நீங்கள்தான் மறுபடியும் அந்தப் படியேற வேண்டும். கோப்பை எடுத்துச் செல்ல மறக்காதீர்கள்.